மண்டியோடு கிடந்த வைன்: வாசகர் கேள்விகள்

போன மாதம் இந்தப் பகுதியில், மேற்குப் பிரான்சில் நாந்த் நகரத்துக்குத் தெற்கே ஒரு குடும்பத் தோட்டத்தில் திராட்சை பறிக்கப் போன கதையை அரைப் பக்கம் எழுதியிருந்தேன். முஸ்கதே என்ற வெள்ளை வைன், அதை ஈஸ்ட் மண்டியோடு மாதக்கணக்கில் போட்டு வைக்கிறார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி. அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதம். பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் கேட்டிருக்கிறார்கள் (ஏன் என்று எனக்கும் புரிகிறது), அதனால் எல்லாருக்குமே ஊர் மட்டும்.

கடையில் வாங்கிய முஸ்கதே பாட்டிலில் 'சுர் லீ' என்று போட்டிருந்தது. அகராதியைப் பார்த்தால் லீ என்றால் கசடு, வண்டல். கசடையா காசு கொடுத்து வாங்கினேன்? (லா கூர்நெவ் வாசகர்)

கசடு உங்களிடம் வரவில்லை, அது தொட்டியிலேயே நின்றுவிட்டது. நீங்கள் வாங்கியது அதன் மேல் ஒரு குளிர்காலம் முழுக்கச் சும்மா கிடந்த வைன்.

அகராதி கசடு என்று சொல்லட்டும், நான் மண்டி என்பேன். காபி வடிகட்டியில் நிற்கிற மண்டி இல்லை, கள்ளுப் பானையின் அடியில் வெள்ளையாகத் தேங்குமே, அந்த மண்டி. ஆப்ப மாவு பொங்குவதற்கு அந்தக் காலத்தில் கொஞ்சம் கள் ஊற்றுவார்கள், அந்த வேலையைச் செய்தது கள்ளில் இருந்த ஈஸ்ட். திராட்சைச் சாற்றிலும் அதே கதைதான். செப்டம்பரில் பிழிந்த சாற்றில் இருக்கிற சர்க்கரையை ஈஸ்ட் தின்று தீர்க்கிறது, ஆல்கஹாலும் கரியமில வாயுவும் வருகின்றன, தின்னச் சர்க்கரை இல்லாமல் போனதும் (அதனால்தான் இது இனிப்பே இல்லாத வைன்) ஈஸ்ட் செத்து அடியில் படிந்துவிடுகிறது. பல ஊர்களில் அடுத்த வேலை, மேலே தெளிந்ததை வேறு தொட்டிக்கு இறுத்துவிட்டு மண்டியை அப்புறப்படுத்துவது. முஸ்கதேக்காரர்கள் அப்படி இறுத்தெடுக்க மாட்டார்கள். அப்படியே விட்டுவிடுவார்கள். கிழக்குப் பிரான்சில் பர்கண்டி பக்கத்தில் சிலர் பீப்பாய்க்குள் கழி விட்டு மண்டியைக் கலக்கிவிடுவார்கள், இங்கே பெரும்பாலும் அதுகூட இல்லை.

விட்டால் என்ன ஆகிறது? செத்த ஈஸ்ட் செல்கள் மெதுவாகத் தம்மைத் தாமே கரைத்துக்கொள்கின்றன. உள்ளே இருந்த அமினோ அமிலங்களும், செல்சுவரில் இருக்கிற மானோபுரோட்டீன் என்ற பொருளும் கொஞ்சம் கொஞ்சமாக வைனில் இறங்குகின்றன, இது நாள்கணக்கில் நடக்கிற காரியம் இல்லை, மாதக்கணக்கு. இந்தத் திராட்சைக்குச் சொந்த வாசனை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. புளிப்பு, எலுமிச்சை, பச்சை ஆப்பிள், அவ்வளவுதான். மண்டிதான் அதற்குச் சதை போடுகிறது, தண்ணீராக ஓடியிருக்க வேண்டியது நாக்கில் கொஞ்சம் நின்று போகிறது, பிசைந்து வைத்த ரொட்டி மாவின் வாசனை லேசாக வருகிறது. போதாததற்கு, வைனில் கலந்திருக்கிற ஆக்சிஜனையும் மண்டி உறிஞ்சிக்கொள்வதால் பழசாகாமல் காக்கிறது.

ஒரு டிசம்பரில் அந்தத் தோட்டத்துக்கு மறுபடி போயிருந்தேன். அந்த வீட்டு மகள், முப்பது வயது இருக்கும், தொட்டியின் மூடியைத் திறந்து, கழுத்தில் கயிறு கட்டிய ஒரு பாட்டிலை உள்ளே இறக்கினாள், நாம் கிணற்றில் வாளி விடுவது மாதிரியே. முதலில் மேல்மட்டத்திலிருந்து எடுத்தது, கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் வைன் மாதிரிதான் இருந்தது. அப்புறம் கயிற்றை நன்றாக விட்டு அடியிலிருந்து எடுத்தாள். அரிசி களைந்த தண்ணீர், அதே நிறம், அதே கனம். குடித்துப் பார் என்றாள். நீராகாரத்தில் எலுமிச்சை பிழிந்தால் எப்படி இருக்கும், அப்படி. நீராகாரம் என்றால் என்னவென்று பிரெஞ்சில் விளக்க எனக்குப் பத்து நிமிஷம் ஆனது, ராத்திரி சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பீர்களா என்று அவள் அப்பா இரண்டு தடவை கேட்டார்.

'சுர் லீ' என்று பாட்டிலில் போட விதி உண்டு. ஒரு குளிர்காலமாவது மண்டியில் கிடந்திருக்க வேண்டும், அடுத்த வருஷம் மார்ச் 1-க்கு முன்னால் பாட்டிலில் அடைக்கக் கூடாது, வைன் செய்த அதே கிடங்கில்தான் அடைக்க வேண்டும். சின்னக் குடும்பங்களிடம் பாட்டில் அடைக்கும் இயந்திரம் இருக்காது, அதற்கென்று ஒரு லாரி வரும், பின்பக்கத்தைத் திறந்தால் உள்ளே ஒரு தொழிற்சாலையே இருக்கும். நம் ஊரில் கதிரடிக்கும் இயந்திரம் வயலுக்கு வயல் போகிறதே, அந்த மாதிரி இது வீட்டுக்கு வீடு போகிறது.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதற்கு அந்தப் பக்கத்தில் எல்லாரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். வீட்டுக் கல்யாணத்துக்கென்று நல்ல பீப்பாய் ஒன்றை ஒதுக்கி, யாரும் தொடக் கூடாது என்று விட்டு வைப்பார்களாம். கல்யாணத்தன்று திறந்தால் மற்ற பீப்பாய்களைவிட அதுதான் புதுசு மாதிரி இருந்ததாம்.

ஊற்றியதும் கிளாஸ் ஓரத்தில் பொடிப் பொடியாக முத்து முத்தாகக் குமிழ், நாக்கிலும் சுருக்கென்றது. கெட்டுவிட்டதா? (காரைக்கால்)

இல்லை. வேறு தொட்டிக்கு மாற்றாமல் விட்டதால் நொதிக்கும்போது வந்த கரியமில வாயுவில் கொஞ்சம் வைனிலேயே தங்கிவிடுகிறது. அந்தச் சுருக்கு இருந்தால்தான் அங்கே சந்தோஷப்படுவார்கள். ஆனால் சோடா மாதிரி நுரைத்துப் பொங்கினால் வேறு விஷயம், கடையில் திருப்பிக் கொடுங்கள்.

எங்கள் தோட்டத்தில் போட்டிருப்பது பன்னீர் திராட்சை. அதற்கு மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர் என்கிறார்கள். முஸ்கதே என்பதும் மஸ்கட்டும் ஒன்றுதானா? அப்படியென்றால் நாங்களும் இந்த வைன் செய்யலாமே? (கம்பம் விவசாயி)

பெயரைப் பார்த்து ஏமாறுவது நீங்கள் மட்டும் இல்லை, பிரான்சிலேயே பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். ஒன்று இல்லை. உங்கள் பன்னீர் கறுப்பு, வாசனை தூக்கும், தெருமுனையில் பெட்டி வந்து இறங்கினாலே தெரியும். முஸ்கதேக்கு உரிய திராட்சை வெள்ளை, அதன் பெயர் மெலோன் தெ பூர்கோஞ், மோந்து பார்த்தால் ஒன்றுமே வராது. மெலோன் என்றால் கிர்ணிப் பழம். அதன் ருசி இல்லை, இலை கிர்ணி இலை மாதிரி வட்டமாக இருப்பதால் அந்தப் பெயர் என்கிறார்கள். மரபணுச் சோதனையில் இதன் தாய் தகப்பன் பீனோ, கூவே பிளாங்க் என்ற இரண்டு திராட்சைகள் என்று தெரிந்தது. உலகமே கொண்டாடுகிற ஷார்டனே திராட்சைக்கும் அதே தாய் தகப்பன்தான். கூடப் பிறந்தவன் பணக்காரனாகிவிட்டான், இவன் கிராமத்தில் நின்றுவிட்டான்.

இவன் அங்கே போய்ச் சேர்ந்ததே ஒரு விபத்தில். பெயரிலேயே இருக்கிறது, பூர்கோஞ் என்றால் பர்கண்டி, இது பர்கண்டித் திராட்சை. 1709 குளிர்காலத்தில் ஐரோப்பா உறைந்தது, நாந்த் பக்கத்துக் கொடிகள் பெரும்பாலும் செத்துப்போயின. அப்போது அந்தத் துறைமுகத்தில் டச்சு வியாபாரிகள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள், அவர்களுக்குக் காய்ச்சி வடித்துப் பிராந்தி எடுக்க வாசனை இல்லாத மலிவான வெள்ளை வைன் வேண்டும், பிராந்தி என்ற சொல்லே டச்சுச் சொல்லிலிருந்து வந்ததுதான். குளிர் தாங்கும், சீக்கிரம் பழுக்கும், நிறையக் காய்க்கும் என்று மெலோனை நட்டார்கள். பர்கண்டியில் வேண்டாம் என்று பிடுங்கச் சொன்ன கொடி, லுவார் நதி கடலில் கலக்கிற இடத்தில் ஊரையே பிடித்துக்கொண்டது.

உங்கள் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது எனக்கும் பெருமைதான், அதையும் 1832-ல் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்பார்கள். ஆனால் நீங்கள் ஆண்டு முழுக்க ஏதோ ஒரு தோட்டத்தில் பறித்துக்கொண்டே இருக்கிறீர்கள். நாந்தில் கொடி நவம்பரிலிருந்து மார்ச் வரை கட்டையாகத் தூங்குகிறது, வருஷத்துக்கு ஒரே பறிப்பு, தப்பினால் அடுத்த வருஷம்தான். மண்டி முறையில் வைன் செய்ய எந்தத் திராட்சையிலும் முடியும், பன்னீரில் செய்தால் முஸ்கதே மாதிரி வராது, அவ்வளவுதான். அப்புறம், உரிமம் இல்லாமல் செய்யப் போய் என் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்.

குடும்பத் தோட்டம் என்று எழுதினீர்கள். அதில் பிழைக்க முடிகிறதா? பிள்ளைகள் தொடர்கிறார்களா? எங்கள் குடும்பத்தில் நெல் விவசாயத்தை என் தலைமுறையோடு விட்டாயிற்று, அதனால் கேட்கிறேன். (திருச்சி)

இந்தக் கேள்விக்காகத்தான் மற்றதற்கெல்லாம் பதில் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பனி. மார்ச் கடைசியில் வெயில் கொஞ்சம் அடித்தால் கொடி ஏமாந்து துளிர்க்கும். ஏப்ரலில் ஒரு ராத்திரி மைனஸ் மூன்று, நான்குக்கு இறங்கினால் அந்தத் துளிர் கருகிவிடும், காலையில் தொட்டால் வெந்த கீரை மாதிரி கையோடு வரும். இரண்டாவது துளிர் வரும், ஆனால் காய் கொஞ்சம்தான். 1991 ஏப்ரலில் ஒரே ராத்திரியில் அந்த வருஷ விளைச்சலின் பெரும் பகுதி போனது, இன்றைக்கும் அந்த ஊரில் வயதானவர்கள் 'தொண்ணூற்றொன்று' என்றால் வேறு விளக்கம் தேவையில்லை. 2008, 2016, 2017, 2021 என்று அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கிறது. குளிர்காலம் சூடாகச் சூடாகத் துளிர் முன்னாலேயே வருகிறது, அதனால் பனியில் மாட்டிக்கொள்வதும் கூடுகிறது. வாளி அளவு மெழுகு டின்களை வரிசைக்கு வரிசை வைத்து ராத்திரி இரண்டு மணிக்குக் கொளுத்துவார்கள், ஒரு ஹெக்டேருக்கு முந்நூறு, நானூறு டின் வேண்டும். பார்க்கக் கார்த்திகை தீபம் மாதிரி இருக்கும், பணம் எரிகிறது என்பது கொளுத்துகிறவருக்குத்தான் தெரியும்.

அடுத்து விலை. 1970, 80-களில் முஸ்கதே இங்கிலாந்து வரை ஓடியது, ஓடுகிறது என்று கண்ட இடத்திலெல்லாம் நட்டார்கள், மெலிந்த வைன் நிறைய வந்தது, பெயர் கெட்டது. மொத்த வியாபாரி லிட்டர் கணக்கில் விலை சொல்ல ஆரம்பித்தால் விவசாயி கதி என்ன என்று திருச்சிக்காரருக்கு நான் சொல்ல வேண்டாம். கொடிகளைப் பிடுங்கிவிட்டு வேறு வேலைக்குப் போன குடும்பங்கள் ஏராளம்.

மிஞ்சியவர்கள் பிடித்துக்கொண்ட கயிறுதான் இந்த மண்டி. ஒரு குளிர்காலம் போதாது, கல்லும் மண்ணும் நன்றாக அமைந்த இடங்களில் இரண்டு வருஷம் வைத்துப் பார்ப்போம் என்று சிலர் துணிந்தார்கள். கோர்ழ் என்ற ஊரில் ஆந்த்ரே மிஷேல் பிரெழோன், லெ லாந்த்ரோ என்ற ஊரில் தலைமுறை தலைமுறையாக இதையே செய்யும் லுனோ பாப்பேன் குடும்பம் எல்லாம் இதில் தெரிந்த பெயர்கள். 2011-ல் கிளிசோன், கோர்ழ், லெ பலே என்ற மூன்று ஊர்களின் பெயரை பாட்டிலில் போட்டுக்கொள்ள அரசு ஒப்புக்கொண்டது, அப்புறம் இன்னும் சில ஊர்கள் சேர்ந்தன. கிளிசோனில் கருங்கல் பாறை, கோர்ழில் காப்ரோ என்ற, பூமிக்கடியிலேயே உறைந்த தீப்பாறை மக்கிய களிமண். இந்த இரண்டு ஊருக்கும் மண்டியில் குறைந்தது 24 மாதம். இதில் ஒரு வேடிக்கை: 'சுர் லீ' என்று போட அறுவடைக்கு அடுத்த வருஷத்துக்குள் அடைத்திருக்க வேண்டும் என்று விதி, அதனால் இரண்டு வருஷம் மண்டியில் கிடந்த வைனில் 'மண்டியில் கிடந்தது' என்று எழுத முடியாது! (லெ பலே என்றதும் ஞாபகம் வருகிறது, 1079-ல் தத்துவவாதி அபெலார் பிறந்த ஊர் அது, காதலில் சிக்கிப் பெரும் பாடு பட்டவர். ஊரில் திராட்சைத் தோட்டங்களுக்கென்று ஒரு அருங்காட்சியகமும் இருக்கிறது, மழை வந்தால் ஒதுங்க நல்ல இடம்.)

இப்போது கணக்குப் பாருங்கள். அறுவடை முடிந்த குளிர்காலத்திலேயே மொத்த வியாபாரிக்கு ஊற்றிக் கொடுத்தால் கையில் காசு. சுர் லீ என்றால் மார்ச்சுக்கு அப்புறம். இரண்டு வருஷ வைன் என்றால் இரண்டு வருஷம் காசு தொட்டியின் அடியில் தூங்குகிறது, வங்கிக்காரன் தூங்குவதில்லை. காசைவிடப் பெரிய தொல்லை இடம். அடுத்த செப்டம்பரில் புதுச் சாறு வரும்போது அந்தத் தொட்டி காலியாக இருக்காது, அதற்கடுத்த செப்டம்பரிலும் இருக்காது. நான் போன வீட்டில் அப்பாவுக்கும் மகளுக்கும் வருஷா வருஷம் இதே சண்டைதான். அந்த மூலைத் தொட்டியை அவள் காலி செய்ய விட மாட்டாள், அவர் புதுத் தொட்டி வாங்க மாட்டார். பாட்டி நடுவில் உட்கார்ந்து பீன்ஸ் உடைத்துக்கொண்டிருப்பார், இரண்டு பேர் பக்கமும் சேர மாட்டார். அவர் காலத்தில் அந்த மாதிரி தொட்டிகளைக் கட்டக் கடன் வாங்கியவரே அவர் கணவர்தானாம்.

பிழைக்க முடிகிறதா என்றால், அந்தக் குடும்பத்தில் மகள் நிற்கிறாள், மகன் நாந்தில் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான், சனி ஞாயிறு டிராக்டர் ஓட்ட வருகிறான். இத்தனைக்குப் பிறகும் சாதாரண சுர் லீ பாட்டில் ஒன்று பிரான்சில் பெரும்பாலும் பத்து யூரோவுக்குள் கிடைக்கிறது. வாங்குகிறவனாக எனக்குச் சந்தோஷம், அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தவனாக எனக்குக் கூச்சம்.

நீங்கள் போட்ட படத்தில் தரையில் வரிசையாக இரும்பு மூடிகள் தெரிந்தன. சாக்கடை மூடி மாதிரி இருக்கிறதே, அது என்ன? (சிங்கப்பூர்)

அதுதான் தொட்டி. நாந்த் பக்கத்துக்கே உரிய பழக்கம், தரைக்கடியில் கான்கிரீட் தொட்டி, உள்பக்கம் கண்ணாடி ஓடு பதித்திருக்கும். நாம் நடப்பதே வைன் மேல்தான். மண்ணுக்கடியில் இருப்பதால் கோடையிலும் குளிர்ச்சி மாறாது, மண்டிக்கு அந்த அமைதி வேண்டும். மண்டி நல்ல மண்டியாகவும் இருக்க வேண்டும், அழுகல் பழம் கலந்த சாறென்றால் அந்த அழுகலும் அடியில் கிடந்து ஊறும், சில தொட்டிகளில் அழுகிய முட்டை நாற்றம் எட்டிப் பார்க்கும், அப்போது மண்டி மேல் வைத்த பாசத்தை விட்டுவிட்டு வைனை வேறு தொட்டிக்கு மாற்றத்தான் வேண்டும்.

காலியான தொட்டிக்குள் ஆள் இறங்கிக் கழுவ வேண்டும், அங்கேதான் ஆபத்து. கரியமில வாயு காற்றைவிடக் கனம், அடியில் தேங்கி நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. பழைய கிணற்றைத் தூர் வார இறங்குவதற்கு முன்னால் விளக்கை இறக்கிப் பார்ப்பார்களே, அந்த வீட்டுத் தாத்தா காலத்தில் இங்கேயும் மெழுகுவர்த்தியைத்தான் இறக்கியிருக்கிறார்கள், அணைந்தால் இறங்கக் கூடாது. இப்போது அளவுமானி, காற்றடிக்கும் விசிறி எல்லாம் உண்டு, மேலே ஒரு ஆள் நிற்காமல் யாரும் இறங்குவதில்லை. நான் குனிந்து மோந்து பார்க்கப் போய் என் சட்டையைப் பிடித்து இழுத்துத் தள்ளினார்கள். கோபம் வந்தது, அப்புறம் காரணம் சொன்னதும் போய்விட்டது.

பாட்டில் அடியில் கண்ணாடித் தூள் மாதிரி மினுமினுக்கிறது. பயந்து கொட்டிவிட்டேன். (மொன்ட்ரியால்)

அடடா, கொட்டியிருக்க வேண்டாம். அது நம் புளிதான்! புளியைப் புளிக்க வைக்கிற டார்டாரிக் அமிலம்தான் திராட்சையிலும் முக்கிய அமிலம், அது பொட்டாசியத்தோடு சேர்ந்து குளிரில் படிகமாக உறைகிறது. ஃபிரிட்ஜில் ரொம்ப நாள் வைத்தால் வரும். கடித்தால் நறநறக்கும், ஒன்றும் செய்யாது. மெதுவாகச் சாய்த்து ஊற்றினால் அடியிலேயே நின்றுவிடும்.

நான் சுத்த சைவம். வைனைத் தெளிய வைக்க மீன் பசை போடுவார்கள் என்று கேள்விப்பட்டேன், உண்மையா? (மயிலாடுதுறை வாசகி, இப்போது லியோனில்)

உண்மை. மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை, முட்டை வெள்ளை, பால் புரதம் எல்லாம் தெளிய வைக்கப் பயன்படுகின்றன, பென்டோனைட் என்ற களிமண்ணும் உண்டு, அது உங்களுக்குப் பிரச்சினையில்லை. மண்டியில் மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும் வைன் தானாகவே நன்றாகத் தெளிந்துவிடும், அதனால் பல சின்னத் தோட்டங்களில் இந்த வேலையே கிடையாது. ஆனால் பாட்டிலைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். முட்டையும் பாலும் வைனில் எச்சமாக மிஞ்சினால் ஐரோப்பாவில் லேபிளில் சொல்ல வேண்டும், மீன் பசைக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. சைவ முத்திரை போட்டதை வாங்குங்கள், இல்லையென்றால் தோட்டத்துக்கு நேராக எழுதிக் கேளுங்கள். சின்னக் குடும்பங்கள் பதில் போடுவார்கள், அறுவடை நேரத்தில் மட்டும் கேட்காதீர்கள்.

எதோடு சாப்பிடுவது? மீன் குழம்போடு சரிவருமா? (டொராண்டோ)

அங்கே சிப்பிதான். அட்லாண்டிக் கடல் ஒரு மணி நேரத் தூரம், பச்சைச் சிப்பியைத் திறந்து உப்புத் தண்ணீரோடு உறிஞ்சிவிட்டு ஒரு வாய் முஸ்கதே. அல்லது லுவார் ஆற்று மீனும் வெண்ணெய்ச் சாஸும், பேர் பிளாங்க் என்ற அந்தச் சாஸ் பிறந்ததே நாந்த் பக்கத்தில்தான், அதில் சின்ன வெங்காயத்தை வினிகரோடு இதே வைனையும் விட்டுச் சுண்ட வைப்பார்கள்.

மீன் குழம்பு வேண்டாம். நானும் ஆசைப்பட்டு, மண்சட்டியில் முதல்நாள் வைத்த குழம்போடு வைத்துப் பார்த்தேன். புளிக்கு எதிரே இந்தப் புளிப்பு காணாமல் போய்விடுகிறது, மிளகாய் வேறு வாயை எரிக்கும்போது வைன் வெறும் தண்ணீர். மாறாக, நெத்திலி வறுவலில் மிளகாய்த்தூளைப் பாதியாகக் குறைத்து எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டுப் பாருங்கள். இறால் வடையோடும் நன்றாக இருக்கும். சொதி இன்னும் நன்றாக இருக்கும், தேங்காய்ப்பாலின் வழவழப்பை அந்தப் புளிப்பு வெட்டிக்கொடுக்கும், இதை என் வீட்டுக்கு வந்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர்தான் கண்டுபிடித்தார், பெருமை அவருக்கே.

குடும்பப் பத்திரிகையில் குடிக்கச் சொல்லித் தருகிறீர்களே, நியாயமா? (திருநெல்வேலி)

கோபம் புரிகிறது. ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது, நான் மறுக்கவில்லை. மருந்து, உடம்புக்கு நல்லது என்றெல்லாம் ஒரு நாளும் எழுத மாட்டேன். குடிக்காதவர்கள் ஆரம்பிக்க வேண்டாம். விவசாயமாகப் படித்துவிட்டுப் போங்கள்.

சாதாரண முஸ்கதேயை எத்தனை வருஷம் வைக்கலாம்? திறந்த பாட்டில் எத்தனை நாள் தாங்கும்? எங்கள் வீட்டில் நான் ஒருவன்தான், ஒரு கிளாஸ்தான். (புதுச்சேரி)

சாதாரண சுர் லீயை இரண்டு மூன்று வருஷத்துக்குள் முடித்துவிடுங்கள். கிளிசோன், கோர்ழ் போன்ற ஊர்ப் பெயர் போட்டது பத்து வருஷம் தாங்கும், ஆனால் புதுச்சேரி வெயிலில் அலமாரிக்குள் வைத்தால் பத்து மாதம்கூடத் தாங்காது. அதிகக் குளிரும் வேண்டாம், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் வெளியே வைத்துவிட்டு ஊற்றுங்கள், இல்லையென்றால் மண்டி கொடுத்த ருசி ஒன்றுமே தெரியாது.

திறந்ததைக் கார்க்கை இறுக்கி அடைத்து, ஃபிரிட்ஜில் நிமிர்த்தி வையுங்கள். மறுநாள் நன்றாகவே இருக்கும், கோர்ழ் பாட்டிலென்றால் முதல் நாளைவிடக்கூட நன்றாக இருக்கலாம். மூன்றாம் நாள் சுருக்கு போய்விடும். நான்காம் நாளும் மிச்சமிருந்தால் இரண்டு பல் பூண்டும் கொத்துமல்லியும் போட்டு மட்டி வேக வைக்க எடுத்துக்கொள்ளுங்கள், மட்டி வாய் திறந்ததும் இறக்கிவிட வேண்டும்.